ஆண்டுண்ணி

பழைய விதியில் கவசத்துக்கு
எண் குறையக் குறைய உறுதி.
பத்து என்றால் சட்டை போடாத ஆள்.
சைபர் என்றால் தலைமுதல் கால்வரை இரும்பு.
சைபருக்கும் கீழே போனால் ஊசி இறங்காது.
இதை இலியாஸுக்கு விளக்கி முடிப்பதற்குள்
ஒரு பிளாஸ்க் டீ காலி.

"இருபதில் கழித்துக்கொள்" என்றேன் கடைசியில்.
"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"
செல்போன் பழுது பார்க்கிறவன்.
உள்ளே என்ன வெந்திருக்கிறது என்று
அவனுக்குக் கதை வேண்டாம்,
எந்த உதிரி பொருந்தும் என்று சொன்னால் போதும்.

செக்காலை ரோட்டில் ஷட்டரை இறக்கியபின்
ஷோரூம் தரை எங்களுடையது.
மாதிரிக்குப் பதித்த ஆத்தங்குடிக் கற்கள்;
ஒரு கல் ஐந்தடி என்று கணக்கு.
பச்சைப் பூ போட்டது சதுப்பு.
முனை உடைந்து தள்ளுபடிக்கு ஒதுக்கியவை
அடுக்கிவைத்தால் மதில்.
பன்னீர் சோடா மூடிகள் பேய்கள்.
காலையில் இதே இடத்தில் உட்கார்ந்துதான்
ஜிஎஸ்டி பில் போடுவேன்.

இந்த வாரம் மூன்று பேரை மாற்றி எழுதினேன்.
முனி எல்லை தாண்டாது என்றிருந்தது.
புதுப் புத்தகத்துக்கு எல்லை புரியாது;
அறுபதடி என்று போட்டேன்.
கொள்ளிவாய் வாய் திறந்தால்
பதினைந்தடிக்குக் கூம்பாகத் தீ, மூன்று பகடைச் சேதம்.
காட்டேரிக்கு முன்பு ஒரே வரிதான்:
பார்த்தவர் ஓடுவார்.
இப்போது, ஓடாமல் நிற்க
உருட்டிப் பார்க்கலாம்.

நாலாவது ஆண்டுண்ணி.
அது எந்தப் புத்தகத்திலும் இல்லை.
கல்லூரி விடுதியில், ரெக்கார்டு நோட்டின் பின்பக்கம்,
பச்சை மையில் நானே பெற்றது.
வற்றிய ஊருணியின் நடுக்கிணற்றில் இருக்கும்.
தொட்டால் இரண்டு லெவல் போகும்.
போனது போனதுதான்.
இருபது வயதில் இப்படி எழுதக்
கை கூசவில்லை எனக்கு.

புதிய விதி இளகிய மனசு.
எது போனாலும்
எட்டு மணிநேரம் தூங்கி எழுந்தால் திரும்பிவிடும்.
அப்படியே மாற்றி, வாசித்துக் காட்டினேன்.
ஜெஸிந்தாதான் முதலில் சிரித்தாள்,
தேவகோட்டை ஆஸ்பத்திரியில் இரவு மருந்தகம் அவளுக்கு.
"எட்டு மணிநேரமா? எந்த ஊர்ல?"

சோலையப்பன் சிரிக்கவில்லை.
மஸ்கட்டில் ஏழு வருஷம்,
கம்பெனி மூடியபோது பதினாலு மாதச் சம்பளம் பாக்கி.
சோடா மூடியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே
"பழசையே வை" என்றான்.

இலியாஸ் எழுந்தே விட்டான்.
நாலு மாதம் வளர்த்த மந்திரவாதி,
ஒரு தொடலில் பாதியாவதா?
"ஆட வந்தோமா, அழ வந்தோமா?"
அதுவும் நியாயம்.
இரண்டு நியாயத்துக்கும் நடுவே நான்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"சரி, ஒண்ணு சொல்லு" என்றான் சோலையப்பன்.
"அது தின்ன வருஷமெல்லாம் எங்க போகுது?"

பழைய விதியில் இல்லை.
புதியதிலும் இல்லை.
பச்சை மையிலும் தேடினேன்.
பிறகு, பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதினேன்:
வயிற்றில் இருக்கும். கிழித்தால் கிடைக்கும்.
யாருடையது எது என்று
எழுதியிருக்காது.

பதினொன்றே காலுக்குக் கிழித்தார்கள்.
ஜெஸிந்தாவின் கடைசி அம்பு.
மந்திரவாதிக்கு யாரோ ஒரு படகோட்டியின்
இரண்டு லெவல் வந்தது;
மந்திரம் மறந்து, காற்று எந்தப் பக்கம் என்று தெரிந்தது.
இலியாஸ் முனகினான், ஆனால்
தாளில் 'துடுப்பு' என்று எழுதிக்கொண்டான்.

"எனக்கு யார் வருஷம்?"
அதற்கு அட்டவணை போடவில்லையே நான்.
"உருட்டு" என்றேன்.

இருபது முகப் பகடை
சதுப்பைக் கடந்து, மதிலில் மோதி,
கிரானைட் மாதிரி ரேக்கின் அடியில் போய்விட்டது.
மூன்று செல்போன் வெளிச்சத்தில்
கன்னம் கல்லில் பட, குப்புறப் படுத்தான் சோலையப்பன்.
கை எட்டவில்லை.

"தெரியுதா?"

"தெரியுது" என்றான்.
எண்ணைச் சொல்லவில்லை.
எழுந்திருக்கவும் இல்லை.