குடைச்சாமி பற்று

நகரிக்கு மேற்கே நாலு கல் தள்ளி ஒரு மடம்.
ஓட்டைக் குடை பிடித்து
அடைமழையில் நனையாமல் வந்தாராம் ஒருவர்.
வந்தாரா, இருந்தாரா என்று
எழுதித் தரச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.
நிலத்தகராறு. கோர்ட்டுக்கு ஆள் வேண்டும்,
அவதாரம் போதாது.

தெலுங்கு ஏடு அவர் அக்கரையில் பிறந்தார் என்கிறது.
தமிழ் ஏடும் அக்கரை என்றே சொல்கிறது.
நடுவே மணல்தான் இருக்கிறது.
இரண்டு முறை இறந்திருக்கிறார்:
ஒருமுறை சோதியில்,
ஒருமுறை பேதியில்.
பின்னதை யாரோ கீறி அடித்திருந்தார்கள்.

பாதக் கல்லை அளந்தேன்.
ஒன்று ஒன்பதங்குலம், ஒன்று ஒன்பதரை.
இரண்டும் இடக்கால்.
"மகான்களுக்கு அப்படித்தானம்மா" என்றார்
தர்மகர்த்தா தனகோட்டிராஜு.

கல்வெட்டு, விசைத்தறிக் கொட்டகைக்குப்
படியாகக் கிடந்தது.
பாவு சுமந்தவர்கள் மிதித்து மிதித்து
முதல் வரி போய்விட்டது.
மைப்படியில் தேறியது இவ்வளவு:
'...ண்டாருக்கு விட்ட குழி நூறு.'
எந்த ஆண்டார்?
தலை போன கல்லுக்கு
யார் தலையும் பொருந்தும்.

கிளம்புகிற அன்று
ரமணம்மா பரணிலிருந்து ஒரு கட்டு இறக்கினார்.
அவர் வீட்டுப் பழைய கடைக் கணக்கு.
எலி தின்றது போக இருபது ஓலை.
பதினோராவதில்,
எவரோ வாங்கிய கத்தரி விதைக்கும்
எவரோ திருப்பித் தந்த மிளகாய்க்கும் நடுவில்:

குடைச்சாமி பற்று.
எண்ணெய் நாழி இரண்டு. உப்பு உரி.
வரவு இல்லை.

அடுத்த வருஷமும் இல்லை.
அப்புறம் வேறொரு கையெழுத்து:
'ஆள் இல்லை. தள்ளு.'

ஓலையை வைத்துவிட்டு
தண்ணீர் கேட்டேன்.
இத்தனை நாளில்
இல்லை என்று எழுதியவனைத்தான்
என்னால் நம்ப முடிந்தது.
குடை வைத்திருந்த சாமியார்
வேறொருவராகவும் இருக்கலாம்.
அதையும் அறிக்கையில் குறித்தேன்.

ராஜு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.
சாமி கடன்காரரா?
மூன்றாம் நாள் ரமணம்மாவின் ரீசார்ஜ் கடையில்
ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கண்ணாடிமேல் வைத்தார்.
"வட்டி எவ்வளவு ஆனாலும் சொல்லு.
சாமி பேருக்கே ரசீது போடு."

பேனாவை உதறிக்கொண்டு
"தேதி?" என்று கேட்டார் ரமணம்மா.

ராஜு என்னைப் பார்த்தார்.
நான்
ஆற்றில் மணல் அள்ளும் லாரியை
எண்ணிக்கொண்டிருந்தேன்.