இடது கால்

கடையில் தொங்கியது முந்நூற்றெண்பது ரூபாய்.
பல்பு தனி.
ஜெனிலா விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தாள்,
பின்பக்கம் கொஞ்சம் குறைவாய் இருக்குமோ என்று.

பஸ்ஸில் எதுவும் கேட்கவில்லை.
கட்டபெட்டு வளைவு தாண்டியதும் மட்டும்
"அம்மா, குடைக்கு எத்தனை கம்பி?"

எட்டு.
ஐப்பசிக் காற்று உள்வெளியாய்ப் புரட்டிய குடை,
எறிய மனம் வராமல் கதவுக்குப் பின்னால் நின்றது.
அதே வாரம்தான் இவர்
சில்வர் ஓக்கில் கிளை கழிக்க ஏறி
கிளையோடு இறங்கினார்.
மாவுக்கட்டு. ஐந்து வாரம்.
கட்டிலில் கிடந்தபடியே வீட்டுக்கு மேஸ்திரி:
அடுப்பு புகைகிறது, குழாய் சொட்டுகிறது,
தீப்பெட்டியை யார் அங்கே வைத்தது.

குடையைப் பார்த்ததும்
"இடுக்கி எங்கே?" என்றார்.
அவ்வளவுதான்.

நட்சத்திரத்துக்கு இரண்டு சட்டம்,
சட்டத்துக்கு ஐந்து கம்பி.
முனையோடு முனை கட்டி
நடுவில் ஐந்து கற்பூரமரக் குச்சி கொடுத்தால்
வயிறு உப்பும்.
ஆக, பத்து கம்பி.

நான் ஃபேக்டரி விட்டுத் தலையெல்லாம் தேயிலைத் தூளோடு வந்தபோது
பாதி பின்னியிருந்த குல்லாய்
கட்டிலில் கண் கண்ணாய் அவிழ்ந்துகொண்டிருந்தது.
ஊசி இரண்டையும் காணோம்.
"எட்டும் ரெண்டும் பத்து" என்றார்,
பெரிய கணக்கு வாத்தியார்.

சோறு வேகும்வரை நான் பேசவில்லை.
பிறகு மைதா காய்ச்சினேன்.
கோபத்தில் காய்ச்சியதாலோ என்னவோ
கட்டியே விழவில்லை.

ஊசி குட்டை, கம்பி நெட்டை.
ஒரு கை மட்டும் சூம்பிப்போய் நின்றது.
"விட்டுடுப்பா, அதுக்கும் அடிபட்டிருக்கு" என்றாள் ஜெனிலா.

சிவப்புத் தாள் இரண்டு, மஞ்சள் ஒன்று,
பெள்ளிராஜ் தங்கை கல்யாணப் பத்திரிகையின் வெண்ணெய்த்தாள்.
சுவரைப் பார்க்கும் பக்கத்துக்குச் செய்தித்தாள்
(வேட்பாளர் ஒருவர் கும்பிட்டபடி இருந்தார்,
கழுத்துவரை ஒட்டினோம்).
அப்படியும் அந்தச் சூம்பிய கைக்குத் தாள் இல்லை.
மணி ஒன்பதரை. கடை எல்லாம் சாத்தியாச்சு.

ஜெனிலா பீரோ மேலிருந்து
ஆஸ்பத்திரிக் கவரை எடுத்தாள்.

"ஏய், அது எக்ஸ்ரே! தையில் டாக்டர் கேட்பார்!"
"வேற எடுத்துக்குவார்" என்றார் இவர்.
அவர் கால், அவர் இஷ்டம்.
கத்தரிக்கோல் அதில் போகும் சத்தம்
பல்லைக் கூச வைத்தது.

வாசலில் ஏற்றி சுவிட்சைப் போட்டதும்
நான்கு கை சிவப்பும் மஞ்சளுமாய் எரிய
ஐந்தாவதில், நீலமாய்,
என் புருஷனின் முழங்கால் கீழ் எலும்பு.
விரிசல்கூட மயிரிழையாய்த் தெரிந்தது.
ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்து,
இடது கால் என்று அடையாளம்.
"எல் ஃபார் லூர்து!" என்று குதித்தாள்.

ஆட்டோவை நிறுத்திப் பெள்ளிராஜ் கேட்டான்:
"அண்ணி, அதென்ன மீன் முள்ளா?"

கேரல் ரவுண்ட்ஸ் வந்த இரவு
புல்லெல்லாம் உறைபனி, உப்புக் கொட்டியதுபோல.
உபதேசியார் செல்லக்கண் அண்ணாந்து பார்த்தவர்
பாதி வரியில் நின்றுவிட்டார்.
டிரம் தனியாகக் கொஞ்சதூரம் போய்
திரும்பி வந்தது.
இவர் வாக்கர் இல்லாமல், கதவைப் பிடித்துக்கொண்டு,
நிலைப்படிவரை வந்திருந்தார்.
அதை நான் மட்டும் பார்த்தேன்.
சொல்லவில்லை. சொன்னால் உட்கார்ந்துவிடுவார்.

தை பிறந்து மூன்றாம் நாள்
டாக்டர் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.
முக்கோணம்.
விளிம்பெல்லாம் காய்ந்த மைதா,
ஒரு ஜிகினாத் துணுக்கு.
ரொம்ப நேரம் பார்த்தார்.
"கணுக்கால் எங்கம்மா?"

ஜெனிலா பையைத் திறந்து
சமூக அறிவியல் புத்தகத்தைப் புரட்டி
பக்க அடையாளத்துக்கு வைத்திருந்ததை எடுத்து
நீட்டினாள்.
மீன் வடிவத்தில் வெட்டியிருந்தது.