பதினோராம் பக்கம்

மன்னார்குடி கோர்ட்டுக்கு எதிரே
என் ஜெராக்ஸ் கடை.
கரண்ட் போய் வந்த மதியம்
நனைந்த மஞ்சள் பையோடு செங்கமலம்.
பத்தொன்பது பக்கம், முப்பத்தெட்டு ரூபாய் என்றேன்.
"வேணுங்கிறத மட்டும் போடுங்க."

எது வேணுமென்று அவளுக்கும் தெரியாது,
எனக்கும். எல்லாம் இங்கிலீஷ்.
டீ கிளாஸோடு வந்த வக்கீல் குமாஸ்தா
பதினோராம் பக்கத்தில் விரல் வைத்தார்:
கட்டணம் பாக்கியென்று
மாற்றுச் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது.
ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டேன்.

ஈரம் இருபது என்று
கொள்முதல் நிலைய வாசலில்
தார்ப்பாய்க்கடியில் கிடக்கிறது கோடை நெல்.
தாளாளர் மேசை இழுப்பறையில் கிடக்கிறது
மகள் துர்காதேவியின் பத்தாம் வகுப்பு.

யாரோ, எந்த ஊரிலோ போட்ட கேஸ் இது என்றார் குமாஸ்தா.
"அவரும் நெல்லு போட்டவரா?"

திங்கட்கிழமை வந்தாள்.
"உட்காரச் சொல்லல.
ஆனா கொடுத்துட்டாங்க.
இந்தத் தாள் இங்கயே இருக்கட்டும்."

இந்த ஜூனில் நாற்பது தரமாவது
கண்ணாடியில் கவிழ்த்திருப்பேன்.
மூலத்தாள் எதுவென்று இப்போது தெரியவில்லை.
நகலின் நகலில்
என் கோணல் கோடும் அச்சாகவே விழுகிறது,
நீதிபதி போட்டது மாதிரி.