நாலாம் எட்டு

என் வேலை எளியது.
பந்து வைத்திருப்பவனை நோக்கி ஓடுவது.
பதின்மூன்று வருடமாய் அதைத்தான் செய்கிறேன்.
மிச்ச நேரம் மாங்குளத்தில் டயர் ஒட்டுகிறேன்.

தவசீலனுக்கு முப்பத்தொன்பது வயது.
வயிறு முன்னால் வரும், ஆள் பின்னால்.
அவனை நோக்கி ஓடும்போது எண்ணுவேன்:
ஒன்று, இரண்டு.
மூன்றாம் எட்டு நிலத்தில் படமுதல் பந்து போய்விடும்.
பக்கத்தில். பத்தடி. தரையோடு.
கைதட்ட அதில் ஒன்றுமில்லை.
நான் போய்ச் சேரும் இடத்தில்
புழுதி இருக்கும், கோடாலித் தைல வாசம் இருக்கும்,
"என்ன தம்பி, கடை பூட்டியாச்சோ?" இருக்கும்.

பந்து கிடைத்த பிறகு ஆளைத் தேடுவது
சந்தைக்குப் போய் நின்றுகொண்டு
காசை எங்கே வைத்தேன் என்று தடவுவது மாதிரி.
அவன் தடவியதே இல்லை.
முதலே பார்த்து முடித்திருப்பான்.

துணுக்காய் மைதானத்தில் அரையிறுதி.
இடைவேளைக்குப் பிறகு அவனை வெளியே எடுத்து
டிலக்சனை விட்டார்கள்.
பத்தொன்பது வயது, எலுமிச்சை நிறச் சப்பாத்து.

ஒன்று, இரண்டு, மூன்று.
பந்து இன்னும் அவன் காலடியில்.
ஓடுகிறவனுக்கு இது கூச்சமான விஷயம்,
கதவு திறந்து கிடக்கிற வீட்டுக்குள் போவதுபோல.
நாலு. தட்டினேன். எடுத்தேன்.
கோல்.
எல்லைக்கோட்டில் நின்ற சனம்
அவனுடைய சப்பாத்தின் விலையைச் சொல்லி ஏசியது.

பத்து நிமிடத்தில் மறுபடி அதே.
இந்த முறை கண்ணைப் பார்த்தேன்.
பயந்து நிற்கவில்லை அந்தப் பொடியன்.
நான் அவனுக்குத் தெரியவேயில்லை.
என் தோளுக்கு மேலால், எங்கோ தூரத்தில்,
இன்னும் நடக்காத ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
அதையும் பறித்தேன். இரண்டாவது கோல்.

மூன்றாம் முறை
அஞ்சாம் எட்டில் தோளால் இடித்தேன்.
விழுந்துகொண்டே அடித்தான்.
பந்து எழும்பியது,
எங்கள் எல்லாருக்கும் மேலால்,
கிழக்குக் கோட்டை நோக்கி.

கிழக்குக் கோட்டுக்கு அப்பால்
இப்போது கச்சான் போட்டிருக்கிறார்கள்.
நான் ஆடத் தொடங்கிய வருடம் அங்கே
சிவப்புப் பலகை, மண்டையோடு, நாடா.
அந்தப் பக்கம் போன பந்து போனதுதான்.
ஒரே பருவத்தில் ஆறு போனது.
ஏழாவது வாங்க எவரிடமும் காசில்லை.
ஆறாவதை அடித்தவன் தவசீலன்.
நல்ல அடி, இன்றைக்கும் சொல்வேன்.
அதற்குப் பிறகு அவனுடைய பந்து
முழங்காலுக்கு மேல் எழும்பி நான் கண்டதில்லை.

விழுந்த இடத்திலிருந்து திரும்பிப் பார்த்தேன்.
வாங்கிலிருந்து எழும்பி நின்றான் தவசீலன்,
இரண்டு கையும் தலையில்.
பந்து காற்றில் இருக்கும்வரை
கையை எடுக்கவில்லை.
கோட்டுக்கு ஒரு முழம் உள்ளே இறங்கியது அது.
அவர்களுடைய இடதுகரைக்காரன் தனியே நின்றான்.
மைதானம் முழுக்க அவனை
ஒரே ஒரு ஆள்தான் கண்டிருந்தான்.

2-1. வென்றது நாங்கள்தான்.
தவசீலன் நின்றிருந்தால்
ஒன்றுக்கொன்று சமமாய் முடிந்திருக்கும் என்று
தேத்தண்ணிக் கடையில் கதைத்தார்கள்.
இருக்கலாம்.
எனக்கு அது இல்லை நினைவு.

கடைசி நிமிடம் இன்னொரு தூர அடி.
இந்த முறை கணக்குப் பிழைத்தது.
கோடு தாண்டி, கச்சானுக்குள் போய் விழுந்தது பந்து.
டிலக்சன் தானே எடுக்க ஓடினான்.
"செடியை மிதியாதை!" என்று தோட்டக்காரி கத்தினாள்.
அவனுக்கு இருந்த ஆபத்து அவ்வளவுதான்.
தலையை நிமிர்த்தி,
கீழே ஒரு தரமும் பாராமல் ஓடினான்.

வாங்கடியில் தவசீலன்.
மைதான நடுவில் நான்.
இரண்டு பேரும் பார்த்தது பந்தை அல்ல,
அவன் கால் வைக்கும் இடங்களை.

என் வாய் தன்பாட்டில் எண்ணத் தொடங்கியது.
ஒன்று.
இரண்டு.
மூன்று.