குளிர்பெட்டியில் நாற்பத்து மூன்று

கலபாரில் மழை கேட்டுக்கொண்டு வருவதில்லை.
சனி இரவு கூரைத் தகடு ஒன்று எழுந்து போயிற்று.
ஞாயிறு முழுக்கப் பல்கலைக்கழக நூலகம் பூட்டிக் கிடக்க
தண்ணீர் மட்டும் உள்ளே உட்கார்ந்து
எண்பதுகளின் ஆய்வேடுகளைப் படித்துக்கொண்டிருந்தது.

திங்கள் காலை துணை நூலகர் எட்டிம்
காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு
நிதி கேட்டுக் கடிதம் எழுதினார்.
அதற்கு மூன்று கையெழுத்து வேண்டும்.
பூஞ்சைக்குக் கையெழுத்து வேண்டாம்,
இரண்டு நாள் விட்டுவைத்தால் போதும்.
ஒன்றரை ஏற்கெனவே போய்விட்டது.

ஈரத் தாளை உறையவைத்துவிட்டால்
கெடாமல் காத்திருக்கும் என்று
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.
எதில் உறையவைப்பது என்று சொல்லவில்லை.

சந்தைக்குப் போனேன்.
அரித் எஃபியோங்கின் ஐஸ் மீன் கடை.
ஆள் படுக்கும் நீளத்தில் நான்கு குளிர்பெட்டிகள்,
பின்னால் இருமிக்கொண்டே ஒரு ஜெனரேட்டர்.
"என்ன மீன்?" என்றாள்.
"புத்தகம்."
"செதில் உதிருமா?"
யோசித்துப் பார்த்தேன்.
"உதிரும்" என்றேன்.

டீசலில் பாதி என் சம்பளத்தில் என்று பேசி முடித்தோம்.

ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் தாளில் சுற்றி
முதுகு கீழே இருக்கும்படி
கானாங்கெளுத்திப் பெட்டிகளுக்கு நடுவே நிறுத்தினேன்.
சதுப்புநில நண்டுகள் பற்றிய ஒன்றை
அவள் கையில் வாங்கிப் பின்னட்டையைத் திறந்தாள்.
தேதிச் சீட்டில் ஒரே முத்திரை.
"இதைப் படித்தது யார்?"
"யாருமில்லை. அது நாங்கள்
மறுகட்டுப் போட எடுத்துப்போன தேதி."
"அப்படியானால் அடியில் வை" என்றாள்.

பிறகு ஏழு வாரம்.
நாளுக்கு ஒன்று, சில நாள் அதுவுமில்லை.
பக்கத்துக்குப் பக்கம் உறிஞ்சுதாள்,
உறிஞ்சுதாள் தீர்ந்தபின் பழைய தேர்வுத் தாள்கள்.
மின்சாரம் போனால் அட்டையால் விசிறினேன்.
எட்டிமின் மனைவி ஒருநாள் வந்து
என்னைப் பார்த்துவிட்டு
நோயாளி யாரென்று கேட்டாள்.

பளபளப்புத் தாளில் அச்சான பதினொன்று
செங்கல்லாகிவிட்டன. கத்தி வைத்தும் பிரியவில்லை.
அவற்றின் தலைப்புகளைத் தனித்தாளில் எழுதினேன்.
எழுதும்போது வாய்விட்டுப் படித்தேன், ஏனோ.

நண்டு ஆய்வேடு கடைசியாக வந்தது.
நன்றியுரையை யாரோ மைப்பேனாவில் எழுதியிருக்க வேண்டும்.
யாருக்கு நன்றி என்பது ஊதா நிற ஓடையாகி
பக்கத்தின் மூலைவழியே இறங்கிப் போயிருந்தது.
தட்டச்சில் இருந்த ஏழாம் அட்டவணையில்
ஓர் எண்கூடக் கலையவில்லை:
எந்த ஓடையில், எந்த மாதம், எத்தனை நண்டு.
அந்த ஓடைகளில் இரண்டின்மேல்
இப்போது எண்ணெய்க் கிடங்கு நிற்கிறது.

மூன்றாவது கையெழுத்து டிசம்பரில் வந்தது.
அந்தப் பணத்தில் கூரை போட்டார்கள்.
டீசல் கணக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

பாதுகாப்புப் பதிவேட்டில்
எண், தலைப்பு, ஆண்டு, சேதம் எல்லாம் நிரப்பினேன்.
'தற்போதைய நிலை' என்ற கட்டம் மிகச் சிறியது.
குனிந்து ஒருமுறை முகர்ந்துவிட்டு
எழுதினேன்:

மீன் வாடை உண்டு.
படிக்கலாம்.