கழிவுக் கணக்கு

பழைய சோனகத் தெருவில் விடியுமுன்
லொறிகள் பின்பக்கமாய் வரும்.
நாட்டாமைகளின் முதுகில் மூட்டை ஏறும்.
கொக்கி குத்திய ஓட்டையில் பயறு கசியும்.
அப்போதுதான் மரியதங்கம் வருவாள்,
முந்நூறு நூற்றாண்டுக்குப் பின்னாலிருந்து
நடந்தே வந்தவள் போல.

தேய்ந்த ஈர்க்குமாறு, ஒரு கோதுமைமாப் பை,
கருங்கல்லில் தீட்டி
விளிம்பு கூராக்கிய ஒரு தகரம்.
எந்தச் சாக்கு இற்றது,
எந்த வாட்டத்தில் தானியம் உருண்டு ஒதுங்கும்,
பாதத்துக்குத் தெரியும்.
காகங்களுக்கு அடுத்தபடி
இந்தத் தெருவை வாசித்தவள் அவள்தான்.
சேர்ந்ததை அன்றே அவிப்பாள்.
நாளை என்பது
நாளைக்கு வரும் லொறி.

நான் உள்ளே, மரப்படிக்குக் கீழே,
வரவு செலவு கழிவு எழுதுகிறவன்.
நூற்றுக்கு அரை கழிவு, முதலாளியின் வாக்கு.
அந்த அரையில்தான்
அவளும் காகமும் சில எலிகளும்.

ஐப்பசி மழைக்குப் பின்சுவரோரம்
கான் உடைந்த இடத்தில் ஏழு முளை.
புல் என்றேன்.
அவள் குந்தினாள், பார்த்தாள்,
பறிக்கவில்லை.

நடந்தது அவ்வளவுதான்.
எடுத்தே பழகிய கை
எடுக்காமல் நின்றது.
அன்று ஒரே கூட்டலை
மூன்று தரம் பிழையாகக் கூட்டினேன்.

மறுநாள் முளைகளைச் சுற்றி
உடைந்த ஓட்டுத் துண்டுகள், வட்டமாய்.
கோயில் ஆடு ஒன்று வந்தது; கல்லெறி வாங்கியது.
டாம் வீதியில் அரிசி லொறி சரிந்ததாம்,
தெரு வெள்ளையாய்க் கிடக்கிறதாம், ஓடு என்றேன்.
"பிறகு இதுக்கு ஆர் தண்ணி ஊத்துறது?"

நடந்து இறுகிய கணுக்கால்
குந்தியிருந்து வீங்கியது.
ஒரு நீலத் தறப்பாள் வந்தது.
மூன்று கல் அடுப்பானது.
பிறகு முனிரத்தினத்தோடு சண்டை:
அவன் காலகாலமாய் மூத்திரம் பெய்யும் மூலை அது.
"இது என்ட" என்றாள்.
பதினெட்டு வருடத்தில் அவள் வாயில்
நான் கேளாத சொல்.
பைக்கோ தகரத்துக்கோகூட
அவள் அதைச் சொன்னதில்லை.

தை பிறக்க நெற்றுக் கறுத்தது.
உதிர்த்தால் ஒரு உள்ளங்கை.
எண்ணித் தரச் சொன்னாள்.
ஏழிலிருந்து
நானூற்றுப் பன்னிரண்டு.
பாதி அவிக்க, பாதி விதைக்க.
எந்தப் பாதி பெரிய பாதி என்று
அவளது இரண்டு கைகளும்
நெடுநேரம் வழக்காடின.

முதலாளி கெட்டவர் இல்லை.
அவர் சிரித்தபடிதான் சொன்னார்:
"சுவர் என்ட. பைப் என்ட. விதையும் என்ட சாக்கு.
கால் பங்கைத் தந்திட்டு இரி,
ஒருத்தனும் உன்னை எழுப்பமாட்டான்."
பகிடி.
அவள் அளந்தாள்.
நூற்றுமூன்று,
ஒன்றும் குறையாமல்.
வாங்கி என்ன செய்வதென்று தெரியாமல்
என் மேசையில் கொட்டிவிட்டு
அவர் லுகர் தொழப் போய்விட்டார்.

நூற்றுமூன்று பயறு புத்தகத்தின் மேல்.
எதன்கீழ் எழுத?
வரவில் எழுதினால் அவள் குடியிருப்புக்காரி,
அடுத்த போகமும் தரவேண்டியவள்.
கழிவில் எழுதினால்
அவள் இல்லவே இல்லை.
புதிதாய் ஒரு கோடு கிழித்தேன்.
தலைப்பில் அவள் பெயர்.
ஈரக் களிமண்ணில் முதன்முதலாய்
ஒருத்தியின் குறிக்கு நேரே
தானியக் குறி குத்தியவனும்
நல்லெண்ணத்தில்தான் குத்தியிருப்பான்.

வெளியே லொறி பின்வாங்கும் சத்தம்.
சாக்கொன்று கிழிந்து
தெரு நெடுகப் பயறு ஓடுகிறது.
மரியதங்கம்
ஓட்டு வட்டத்துக்குள்ளிருந்து பார்க்கிறாள்.
எழும்பவில்லை.
காகங்கள் இறங்கிவிட்டன.

வருகிற கிழமை
கான் திருத்த மாநகரசபை வருகிறதாம்.
கடுதாசி என் லாச்சியில் இருக்கிறது.
அவளுக்கு நான் இன்னும்
வாசித்துக் காட்டவில்லை.