வேகம்: தெரியாது

சாரல் காலத்தில் ஜிங்க் ஆக்சைடு கோவித்துக்கொள்ளும்.
தென்காசிப் பக்கமிருந்து ஈரம் ஏறிய காற்று
அபிஷேகப்பட்டி விலக்கு வரை வந்து
எங்கள் ஆய்வகத்து ஜன்னலில் கை வைத்தால்
ஈரமானி எழுபத்தொன்று காட்டும்.
அன்றைக்குப் படலம் போடக் கூடாது.
டீ குடிக்கப் போவோம்.
இல்லையென்றால் போட்டுவிட்டு
அறுபதுதான் இருந்தது என்று எழுதுவோம்.

கண்ணாடிச் சில்லு, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.
நடுவில் மூன்று சொட்டு. மூடி. சுழல்.
நாற்பது விநாடியில் திரவம் விளிம்புக்கு ஓடிப்போக
மிஞ்சுவது முப்பது நானோமீட்டர்,
சாய்த்துப் பார்த்தால் லேசாக ஊதா, அவ்வளவுதான்.
அதன்மேல் அடுத்தது. அதன்மேல் அடுத்தது.
தண்ணீரில் கரைந்தது அடியில்,
அதைக் கரைக்காத குளோரோபென்சீனில் வந்தது மேலே,
அதையும் கரைக்காத ஆக்டேனில் மிதந்து வரும் குவாண்டம் புள்ளிகள்,
கடைசியில் ஜிங்க் ஆக்சைடைத் தூக்கிக்கொண்டு எத்தனால்.
கீழே படுத்திருப்பவரை எழுப்பாமல்
மேல் பெர்த்தில் ஏறத் தெரிந்தவர்களாகப் பார்த்துப் பிடிக்க வேண்டும்,
நெல்லை எக்ஸ்பிரஸில் விருதுநகரில் ஏறுகிற
சில நல்ல மனிதர்களைப் போல.

மேலிருந்து எலக்ட்ரான் வரும்.
கீழிருந்து துளை வரும்.
துளைன்னா என்ன என்று தங்கை கேட்டாள்.
ஜங்ஷனில் நான் ஏறும் 7.40 பஸ்ஸைச் சொன்னேன்.
பேட்டையில் முன்சீட்டுக்காரர் இறங்குகிறார்.
அந்த இடத்துக்குப் பின்சீட்டுக்காரர் நகர்கிறார்,
அவர் இடத்துக்கு அவருக்கும் பின்னால் இருந்தவர்.
ஆள்கள் முன்னால் போகப் போக
காலியிடம் பின்னால் நடந்து வருகிறது,
டிக்கெட் எடுக்காமல்.
'அப்போ அது ஒரு ஆளே இல்லல்லா, லாத்தா?'
ஆளில்லை. ஆனாலும் வந்து சேரும்.
ரெண்டும் ஒரே புள்ளிக்குள் சந்தித்தால் பச்சை.

சிக்கல் எலக்ட்ரானின் அவசரம்.
துளை பாதி வழியில் இருக்கும்போதே
வந்து நின்று, கூட்டம் சேர்ந்து,
வெளிச்சமாகாமல் சூடாகி
பதினோராம் நிமிஷத்தில் கண்ணை மூடிவிடும்.
பதினாறு சில்லுகள் அப்படிப் போயின.
துளையை முடுக்கிவிடவே ஏழு மாதம் பாடுபட்டோம்.
உச்சிமாகாளிதான் கேட்டான்:
'வேகமா வாரவன மறிச்சா என்ன?'
கடைப் பலகைக்குப் போடுகிற அதே பிளாஸ்டிக்.
அசிட்டோனில் கரைத்து நடுவில் ஒரு திரை.
மின்சாரம் ஓட வேண்டிய இடத்தில்
மின்சாரம் கடத்தாத சாமானா?
மூன்று நாள் அவனோடு பேசவில்லை.

பதினேழாவது சில்லு, வியாழக்கிழமை.
திரை சுழன்றுகொண்டிருக்கும்போது கரண்ட் தொய்ந்தது.
பணகுடியில் காற்று விழுந்ததோ,
கங்கைகொண்டானில் யார் எந்த மோட்டாரைப் போட்டார்களோ,
சுழலியின் ரீங்காரம் இறங்கி, தயங்கி, மறுபடி ஏறியது.
'தூரப் போடு, மைதீன்பாத்து' என்றான்.
போட மனசில்லை. மிச்ச அடுக்குகளையும் ஏற்றினேன்,
வெள்ளி பூசினேன், கம்பி தொட்டேன்.
இரண்டரை வோல்ட்.

பச்சை.
வாழைக்குருத்துப் பச்சை இல்லை, வயல் பச்சை இல்லை,
இந்த ஊரில் எதற்கும் இல்லாத பச்சை.
பத்து நிமிஷம். பதினொன்று.
இருவரும் மூச்சு விடவில்லை.
பன்னிரண்டு.
மஃரிப் போயிற்று, இஷாவும் போயிற்று,
கடைசி பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.
என் கையுறையில் இன்னும் பச்சை.

நோட்டில் 'வேகம்' என்ற கட்டத்தில்
அவன் இரண்டாயிரம் என்று எழுதப் போனான்.
பேனாவைப் பிடுங்கி
'தெரியாது' என்று எழுதினேன்.

பதினெட்டு முதல் நாற்பத்தொன்று வரை
வேகத்தை நூறு நூறாக இறக்கிப் பார்த்தாயிற்று.
சில கிட்டே வந்தன. இருபத்தொன்பது ரொம்பக் கிட்டே.
பேராசிரியர் எண் கேட்கிறார்.
'தெரியாதுன்னு எழுதினா எவன்மா அச்சடிப்பான்?'
நியாயம்தான்.

இன்று விடிந்ததிலிருந்து சாரல்.
மானி எழுபத்தொன்று.
எழுபத்தொன்று என்று எழுதிவிட்டு
டீ குடிக்கப் போனோம்.
இந்த முறை காசு அவன் கொடுத்தான்.